ரப்பர் மரத்தின் உறுப்புகளும் ஆயுள் கணக்கும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நிற்கும் ஒட்டு ரப்பர் மரம் எதையும் அடியில் குனிந்து பார்த்தால், தரையை ஒட்டி ஒரு புடைப்பு தெரியும். அந்தப் புடைப்புக்குக் கீழே இருப்பது ஒரு மரம், மேலே இருப்பது வேறொரு மரம். கீழ்ப்பாதி எங்கோ பொறுக்கிய ஒரு விதையிலிருந்து முளைத்தது. மேற்பாதி ஒரு தாய்மரத்தின் மொட்டிலிருந்து வந்தது; அதே மொட்டின் வழிவந்த மரங்கள் மலேசியாவிலும் தாய்லாந்திலும் லட்சக்கணக்கில் நிற்கின்றன. இரண்டு பாதியும் ஒன்றாகி ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பால் தருகின்றன. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள் தேர்ந்தெடுத்த உறுப்புகளைக் குறித்த ஓர் இடத்தில் பொருத்தி உண்டாக்கிய பண்டம் இந்த மரம்.

இப்படி ஒரு பண்டத்தைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே மேம்படுத்தி, பொருத்தும் இடத்துக்கு மட்டும் மாறாத விதி வகுப்பதைத்தான் பொறியியலில் மாடுலர் வடிவமைப்பு என்கிறார்கள். பாடநூல்கள் இதன் கதையைப் பெரும்பாலும் கணினியிலிருந்து தொடங்கும். சிக்கலான அமைப்புகள் ஏன் பகுதி பகுதியாக அமைகின்றன என்று ஹெர்பர்ட் சைமன் 1962-இல் எழுதினார். 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்தும் கணினிக் குடும்பம் அது. கார்லிஸ் பால்ட்வினும் கிம் கிளார்க்கும் 2000-இல் வெளியிட்ட நூல் அந்த வரலாற்றிலிருந்தே தன் கோட்பாட்டை எடுத்தது. பண்டம் பிறந்தது முதல் கழிக்கப்படும்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே கணக்கு வைக்கும் ஆயுள்கால மேலாண்மையும் தொழிற்சாலையின் பிள்ளையாகவே சொல்லித்தரப்படுகிறது.

இவை இரண்டும் அதற்கு வெகு முன்பே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நடந்தன என்பது என் வாதம். சிரம்பான், லாபு, ரந்தாவ், போர்ட் டிக்சன் வட்டாரத்துத் தோட்டங்களில் அவற்றைத் தினமும் கையால் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மரத்தின் ஆயுளை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட அமைப்பு யாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என்பதும் இந்தக் கட்டுரையின் பொருள்தான்.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரம். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1888-இல் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். முந்தைய நாள் வெட்டிய இடத்தையே மறுபடி திறக்கும் வழி அது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் ரப்பர் நட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரை முழுவதும் காடு அழிந்து ரப்பர் ஏறியது. சிரம்பானையும் போர்ட் டிக்சனையும் 1891-இலேயே ரயில் பாதை இணைத்திருந்ததால், இந்த வட்டாரத்தில் விளைந்த சரக்கு நேரே கப்பலுக்குப் போக வழி இருந்தது.

அந்தக் காலத்து மரங்கள் எல்லாம் விதைக் கன்றுகள். ஒவ்வொரு மரமும் தனிப் பிறவி. ஒரே நிரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று மங்கு (பால் கிண்ணம்) நிரம்பப் பால் விடும், மற்றது அடிமட்டத்தை நனைப்பதோடு சரி. தேர்வு செய்யாத விதையில் வளர்ந்த காட்டில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் 400 முதல் 500 கிலோ ரப்பர் கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல். பால் வெட்டுபவருக்கோ கறக்காத மரத்துக்கும் கறக்கும் மரத்துக்கும் உழைப்பு ஒன்றுதான்.

இதை மாற்றியது மொட்டு ஒட்டு. ஜாவாவிலும் சுமத்ராவிலும் டச்சுக்காரர்கள் 1910-களில் இதைத் தோட்ட அளவில் செய்து காட்டினார்கள். சில மாத வயதுள்ள விதைக் கன்றின் அடித்தண்டில், தரையிலிருந்து சில விரல் உயரத்தில், பட்டையை ஒரு சிறு கதவுபோல மூன்று பக்கம் கீறித் தூக்குவார்கள். நல்ல பால் தரும் மரத்தின் குச்சியிலிருந்து மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை உரித்து, உள்பக்கம் விரல் படாமல், அந்தக் கதவுக்குள் செருகிச் சுற்றிக் கட்டுவார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பட்டையை லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. பிறகு மேலே இருக்கும் பழைய தண்டை வெட்டிவிட, செருகிய மொட்டு கண் விழித்து நிமிரும். அன்றிலிருந்து வேர் ஒருவருடையது, தண்டும் கிளையும் இன்னொருவருடையது. செருகும்போது அழுக்குப் பட்டாலோ, கட்டு தளர்ந்தாலோ, உச்சி வெயிலில் செய்தாலோ அந்தக் கன்று வீண். முழு அமைப்பும் நம்பி நிற்கும் இணைப்பு, ஓர் ஆள் ஒரு நிமிடத்தில் செய்யும் கைவேலை.

1925-இல் சட்டம் இயற்றி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம். சிலாங்கூரில் 1921-இல் தொடங்கிய பிராங் புசார் தோட்டம் தானே மரங்களைப் பொறுக்கி இனம் உண்டாக்கியது, பி.பி. என்று தொடங்கும் இனங்கள் அங்கே பிறந்தவை. அந்தத் தோட்டம் நின்ற மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. நெகிரி செம்பிலானுக்கும் இதில் பங்கு உண்டு. பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி தன் செமாரா ஆய்வு நிலையத்தைச் சிரம்பானில் நடத்தியது.

இந்த உழைப்பின் உச்சம் ஆர்.ஆர்.ஐ.எம். 600. தாய், ஜாவாவில் தேர்ந்தெடுத்த ட்ஜிர் 1. தந்தை, பிராங் புசாரின் பி.பி. 86. ஹெக்டேருக்கு ஆண்டில் 1,500 கிலோவைத் தாண்டிய இந்த இனம் 1960-களிலிருந்து பெருவாரியாக நடப்பட்டது. இந்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கோட்டயத்தில் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105-க்கும் தாய் அதே ட்ஜிர் 1. தந்தை மலாயாவின் கிளென்ஷீல் 1. கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் பால் வெட்டுபவரும் சிரம்பானின் ரஹாங்கை அடுத்த தோட்டத்தில் பால் வெட்டியவரும் தாய்வழியில் உடன்பிறந்த மரங்களில் கத்தி வைத்திருக்கிறார்கள். பிரேசிலின் விதை, ஜாவாவின் தேர்வு, சிலாங்கூரின் மகரந்தம் என்று மூன்று இடத்துச் சரக்கு கூடிய மரத்தில் இரண்டு கரைத் தமிழரும் ஒரே வேலையைச் செய்தது, நம் புலம்பெயர் வரலாற்றில் இன்னும் சரியாக எழுதப்படாத பக்கம்.

ஒட்டு மரத்தால் வந்த பெரிய மாற்றம் விளைச்சல் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரியது தண்டின் வடிவம் என்று நினைக்கிறேன். விதைமரத்தின் தண்டு கீழே பருத்து மேலே போகப் போகச் சிறுக்கும். பட்டையும் மேலே மெலியும். ஒட்டு மரத்தின் தண்டு ஏறக்குறைய உருளை. பட்டை மேலும் கீழும் ஒரே கனம். ஆகவே தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் சுற்றளவு அரை மீட்டரை எட்டியதும் அந்த உயரத்திலேயே வெட்டு தொடங்கலாம். அங்கிருந்து கீழே வரும் பட்டை முழுவதும் ஒரே தரமான இருப்பு. இருப்பு ஒரே தரமாக இருந்தால் அதைப் பங்கிட்டு ஆண்டுக் கணக்குப் போடலாம். மரத்துக்கு ஆயுள் திட்டம் எழுத முடிந்தது இதனால்தான்.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். தண்டின் சுற்றளவில் பாதியை ஒரு பட்டைப் பலகமாக எடுத்துக்கொள்வார்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சுமார் 30 பாகைச் சரிவில் வெட்டுக்கோடு. பால் குழாய்கள் பட்டைக்குள் நேர்க்குத்தாக ஓடாமல் சற்றே இடமிருந்து வலமாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. மழைநாளும் இலை உதிர்ந்து தளிர்க்கும் காலமும் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 150 வெட்டு. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். ஆண்டில் 20-லிருந்து 25 செ.மீ. அப்படியானால் 150 செ.மீ. பலகம் ஆறேழு ஆண்டு வரும். அது தீர்ந்ததும் எதிர்ப்பக்கப் பலகம், அதுவும் ஆறேழு ஆண்டு. அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்து கனத்திருக்கும். மறுபடி அங்கே போகலாம். கன்றாக நின்ற ஆறு ஆண்டையும் சேர்த்தால் மரத்தின் முப்பது ஆண்டுக் கணக்கு நேராகிறது. எந்த ஆண்டு எந்தக் காட்டில் எந்தப் பக்கத்துப் பட்டை வெட்டப்படும் என்பதைக் கன்று நடும் நாளிலேயே தோட்டத்து அலுவலகம் எழுதிவைக்க முடிந்தது.

இந்தத் திட்டத்தைக் கெடுக்கவோ காக்கவோ கூடியது கத்தி. பாலைச் சுரக்கும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், வளர்திசுவை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. வெட்டு மேலோட்டமாக இருந்தால் பால் வராது. ஆழம் போய் வளர்திசுவில் பட்டால் மரம் காயப்படும். இரண்டுக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவு. பால் குழாய்களின் அழுத்தம் விடியுமுன்தான் அதிகம் என்பதால் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நடந்துகொண்டே, ஒரு மரத்துக்குச் சில விநாடிகள். அன்றைய பங்கு 500 முதல் 600 மரம் வரை. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கு) நின்று, கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) பேர் கொடுத்து, நிரைக்குப் போய், வெட்டி முடித்து, பால் வடியும் இடைவேளையில் பசியாறி, மறுபடி மரம் மரமாகப் போய் மங்கைக் கவிழ்த்து வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் (தோள்சுமைக் கம்பு) சுமந்து ஸ்டோரில் எடை போட்டால்தான் நாள் முடியும். பெண்கள் இந்த வேலையில் பாதிக்குக் குறையாமல் இருந்தார்கள்.

கவனக்குறைவாக வெட்டிய காயம் அன்றைக்குத் தெரியாது. அன்று பால் சற்றுக் கூடவே வரும். காயம் பட்ட இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளர்வது போகப் போகத்தான் தெரியும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் பலகத்துக்குத் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. அதாவது, தவறு செய்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். நடுவில் ஒரு தலைமுறையின் பாதி. கார்த் தொழிற்சாலையில் தரக் குறை இவ்வளவு காலம் கழித்து வெளிப்படுவது அரிது. மரத்தின் ஆயுள் திட்டத்துக்கு உண்மையான பொறுப்பாளி பால் வெட்டுத் தொழிலாளிதான். சம்பளப் பட்டியலில் அவர் அன்றன்றைக்குக் கணக்குத் தீர்க்கப்பட்ட நாள்கூலி.

ஒரே உறுப்பை எல்லா இடத்திலும் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. உறுப்பின் குறை எங்கும் பரவிவிடும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 இளஞ்சிவப்புப் பூஞ்சை நோய்க்கு எளிதில் ஆட்பட்டது. வேறு சில உயர் விளைச்சல் இனங்கள் காற்றில் முறிந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சம் தென் அமெரிக்க இலைக்கருகல். ஹென்றி ஃபோர்டு 1920-களின் இறுதியில் அமேசானில் தொடங்கிய ஃபோர்டுலாந்தியாவையும் அடுத்து வந்த பெல்தெர்ராவையும் சீரழித்தது இந்த நோய்தான். 1945-இல் இரண்டையும் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டு அவர் நிறுவனம் வெளியேறியது. ஆசிய ரப்பர்க் காடுகளுக்குள் இந்த நோய் வராமல் தடுக்க இன்றும் கடும் காவல் இருக்கிறது.

பெல்தெர்ராவில் அப்போது தேடிய மாற்றுவழி கவனிக்கத்தக்கது. வேரும் தண்டும் ஏற்கெனவே தனித்தனி. இனி தலையையும் மாற்றுவோம் என்று, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தண்டில் இன்னொரு மொட்டு ஒட்டி, நோய் தாங்கும் இனத்தின் இலைக்கூட்டத்தை மேலே வளர்த்தார்கள். வேர் ஒன்று, தண்டு ஒன்று, தலை ஒன்று என்று மூன்று உறுப்பு மரம். மலாயாவின் ஆராய்ச்சிக் கழகமும் காற்றுக்கும் நோய்க்கும் தாங்கும் தலைகளை இதேபோல ஒட்டிப் பார்த்தது. வேலைச் செலவும் கன்று தேறும் காலமும் கூடியதால் இது பரவலாகவில்லை. புதிய தலை தண்டின் விளைச்சலையும் மாற்றிவிட்டது. உறுப்புகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருந்தால்தான் பிரித்து மேம்படுத்துவது பலிக்கும். உயிருள்ள பண்டத்தில் அந்தச் சுதந்திரம் பாதிதான்.

இன்னொரு பக்கமும் பாதியிலேயே நிற்கிறது. தண்டு ஒரே இனம், ஒரே தரம். வேரோ இன்றும் விதைக் கன்றுதான். ஒவ்வொன்றும் தனிப் பிறவி. ஒரே இனத்து மரங்கள் ஒரே காட்டில் வெவ்வேறு அளவு பால் தருவதற்கு இது ஒரு காரணம். நல்ல இனத்தின் விதையையே வேருக்கு எடுங்கள் என்று பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேல் தரப்படுத்தல் மண்ணுக்குள் இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பாகத்துக்கு நூறு ஆண்டு ஆராய்ச்சி, தெரியாத பாகத்துக்குக் கிடைத்த விதை. இது அறிவியலின் போக்கில் மட்டுமன்றித் தோட்டத்தின் மற்றக் கணக்குகளிலும் நடந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மரத்திலிருந்து இறங்கிய பாலும் இதே பாதையில் போனது. பழைய முறையில் பாலில் பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் காயப்போடுவார்கள். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். செயற்கை ரப்பர் குறித்த அளவுகளோடு பொதியாக வந்து போட்டிக்கு நின்றபோது, கண்பார்வைத் தரம் எடுபடவில்லை. 1965-இல் மலேசியா ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாலும் மங்கில் உறைந்த ஒட்டுப்பாலும் துகளாக்கப்பட்டு, கழுவப்பட்டு, சுமார் 33 கிலோ கட்டிகளாக அழுத்தப்பட்டன. எஸ்.எம்.ஆர். 5, 10, 20 என்ற எண்கள் உள்ளே அனுமதிக்கப்படும் அழுக்கின் அளவைக் குறித்தன. 20 என்றால் 0.16 விழுக்காட்டுக்கு மேல் அழுக்கு இருக்கக்கூடாது. எந்தத் தோட்டத்துக் கட்டியும் எந்த டயர் ஆலையிலும் மாற்றில்லாமல் பொருந்தியது. ஐ.பி.எம். தன் கணினிக் குடும்பத்தை அறிவித்த அடுத்த ஆண்டே ரப்பர் இந்த இடத்தை எட்டியிருக்கிறது. வடிவமைப்பு வரலாறு எழுதுபவர்கள் இதையும் தங்கள் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

ஆயுளின் கடைசிக் கட்டத்துக்கு வருவோம். முப்பதை நெருங்கிய மரத்தை அடுத்த சில ஆண்டுகளில் வெட்டப்போகிறோம் என்று முடிவானதும், பட்டையைச் சேமிக்கும் விதி தளர்ந்துவிடும். ஏணி போட்டு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, பால் தூண்டும் எத்தபான் மருந்து என்று கிடைப்பதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். அந்த நாளில் பால் வெட்டுபவர் ஒரு கையில் ஏணியும் மறுகையில் வாளியுமாகக் காடு முழுக்க அலைவார். முன்பு கிழட்டு மரங்களுக்குச் சோடியம் ஆர்சனைட் நஞ்சு வைத்து நின்றபடியே சாகவிட்டார்கள். மிச்சம் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போனது. ஆனால் மண்ணுக்குள் விட்ட கட்டையும் வேரும் சும்மா இருக்கவில்லை. வெள்ளை வேர் நோய்ப் பூஞ்சை பழைய கட்டையில் குடியிருந்து, புதுக் கன்றின் வேர் அதைத் தொட்டதும் தாவியது. முந்தைய தலைமுறையை ஒழுங்காக அப்புறப்படுத்தாவிட்டால் அடுத்த தலைமுறை தேறாது என்பதைத் தோட்டங்கள் பட்டுத்தான் கற்றன. பிறகு கட்டைகளைப் பெயர்ப்பதும் நிலத்தை மூட அவரை இனக் கொடிகளைப் பரப்புவதும் மறுநடவின் அங்கமாயின.

ரப்பர்ப் பலகை தட்டுமுட்டுச் சாமானாகப் பெயரெடுத்தது அதற்கும் பின்னால். வெட்டிய மரத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம். இரண்டு மூன்று நாளில் நீலப் பூஞ்சணம் படர்ந்து வண்டு துளைத்துவிடும். அறுத்த கையோடு போரான் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் தாங்கும் என்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இதில் நிறைய வேலை செய்தது. ரப்பர் மரத்தில் நீளமான, குறையில்லாத பலகை கிடைப்பது அரிது. ஆகவே சிறு துண்டுகளாக அறுத்து, முனைகளை விரல் கோத்ததுபோல் சீவி ஒட்டி, அகலப் பலகையாக்கினார்கள். அந்தப் பலகையில் செய்த மேசை நாற்காலிகள் பிரித்து அடுக்கிய பெட்டிகளாக ஜொகூரின் மூவாரிலிருந்து உலகெங்கும் போயின. வாங்கியவர் வீட்டில் திருகாணி முடுக்கிக்கொள்வார். 1990-களில் வந்த ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை இனங்கள் பாலுக்கும் பலகைக்கும் சேர்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. சாகும் நாளின் பயனைப் பிறக்கும் நாளிலேயே வடிவமைப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆயுள்கால மேலாண்மைக்கு இதைவிட நிறைவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மறுநடவுக்குப் பணமும் மரமே சம்பாதித்தது. 1952-இல் இயற்றிய சட்டத்தின்படி ஏற்றுமதியாகும் ரப்பருக்கு ஒரு தீர்வை பிடித்து, அந்த நிதியிலிருந்து பழைய மரத்தை அழித்துப் புதுக்கன்று நடுவோருக்கு உதவி கொடுத்தார்கள். சிறு உடைமையாளர்களுக்காக 1973-இல் ரிஸ்டா அமைப்பு வந்தது. ஒவ்வொரு மரமும் தன் பாலில் ஒரு பங்கைத் தன் வாரிசுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் போனது.

தொழிலாளிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்ததா? முழுவதும் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954-இல் தோட்டங்களின் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. நாராயணன் அதை நீண்ட காலம் வழிநடத்தினார். குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1966-இல் வந்தது. ஆனாலும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு வேலையோடு கட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். கோயில், பள்ளி, சுடுகாடு எல்லாமே தோட்டத்து நிலத்தில்.

இது எவ்வளவு நொய்ந்த ஏற்பாடு என்பது 1950-களிலேயே தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். இதற்கு விடையாக அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையாகக் கட்டிய சிறுசிறு பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன; முதலில் கெடாவின் புக்கிட் சீடிம். மரத்துக்குத் தீர்வை நிதி வந்து எட்டு ஆண்டு கழித்து, தொழிலாளி தன் கைப்பணத்தில் தனக்கான மறுநடவு நிதியைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கம் பெரிதாக வளர்ந்தது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் எட்டும் வலு அதற்கு இல்லை.

பிறகு இரண்டு அலைகள். முதலாவது செம்பனை. அதே நிலத்துக்குக் குறைந்த ஆள் போதும், குலை வெட்டக் கத்தியின் மில்லிமீட்டர்க் கணக்கு வேண்டாம். மறுநடவுக் காலம் வந்த ரப்பர்க் காடு ஒவ்வொன்றாகப் பனைக்கு மாறியது. இதற்கிடையில் 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் கத்ரியை மலேசிய முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பெரிய தோட்டங்களின் உடைமை நாட்டுக்கு வந்ததை ஒரு சாதனையாகவே நானும் மதிக்கிறேன். லயத்தின் நிலை அதனால் மாறிவிடவில்லை. இரண்டாவது அலை வீடமைப்பு. கோலாலம்பூரோடு நெடுஞ்சாலையும் மின்ரயிலும் இணைத்த சிரம்பானைச் சுற்றி, பயிரைவிட மனை விலை ஏறியது. ரஹாங் இன்று கடைவீதியும் அடுக்குவீடுகளும் நிறைந்த நகர்ப்பகுதி, சட்டமன்றத் தொகுதியும்கூட. மாநிலத்தின் தமிழ்ப் பள்ளிகள் சிலவற்றின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி இருப்பதோ தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகள். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இப்போது 530-ஐ ஒட்டி. மூடியவற்றில் பெரும்பாலானவை தோட்டத்தோடு சேர்ந்து மூடியவை.

தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற திட்டம் 1970-களிலிருந்து பேசப்படுகிறது. சில தோட்டங்களில் நடந்தது. பல தோட்டங்களில் நிலம் கைமாறும்போது ஒரு சிறு இழப்பீட்டோடு முடிந்தது. நான் இதை அறம் சார்ந்த குறை என்று மட்டும் சொல்லவில்லை. வடிவமைப்பின் குறையும்தான். பட்டையைக் கெடுக்காமல் வெட்டும் கைத்திறன், மரத்தின் முப்பது ஆண்டுத் திட்டத்தில் இன்றியமையாத உறுப்பு. அதைப் பெயர் சொல்லித் திட்டத்தில் எழுதாததால் அதற்குப் பராமரிப்பும் இல்லை, வாரிசும் இல்லை. 1990-களில் வெட்ட ஆள் கிடைக்காத நிலை வந்தபோது, நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டுவதும் எத்திலீன் வாயு ஏற்றிக் குறுகிய வெட்டில் பால் எடுக்கும் ரிம்ஃப்ளோ முறையும் அறிமுகமாயின. திறமையான ஆராய்ச்சிதான். ஆனால் ஆள் ஏன் போனார் என்ற கேள்விக்கு அது விடை இல்லை. 1990 வரை உலகின் முதல் ரப்பர் உற்பத்தியாளராக இருந்த மலேசியா அந்த இடத்தைத் தாய்லாந்துக்கு விட்டது. இப்போது நாட்டின் ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு உடைமையாளர்களிடம். பலருடைய மரங்கள் வெட்ட ஆளின்றி நிற்கின்றன.

மறுநடவு மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எவருக்கும் கன்று, உரம், நிலம் பண்படுத்தல் எனக் கட்டம் கட்டமாகக் கணக்கு உண்டு. 2026-இல் ஓர் ஒட்டுக் கன்று நட்டால் 2032 வாக்கில் முதல் வெட்டு. 2038-இல் அடுத்த பக்கம். 2044-இல் வளர்ந்த புதுப்பட்டைக்குத் திரும்பவேண்டும். 2056 வாக்கில் பலகைக்குப் போகும். இந்த ஆண்டுகள் எல்லாம் இன்றே தெரியும். அந்தப் பட்டியலிலேயே இன்னும் இரண்டு நிரல் சேர்க்கலாம்: ஒவ்வொரு ஹெக்டேருக்கும் பால் வெட்டப் பயிற்சி பெறுபவர் யார், அவர் பெயரில் பதிவாகும் வீடு எது. 1952-இல் தீர்வை பிடித்த அதே முறையில், பாலிலிருந்தும், பால்மரக் காடு மனையாக விற்கும்போது வரும் விலையிலிருந்தும் ஒரு பங்கு அந்த இரண்டு நிரலுக்கும் போகவேண்டும்.